ஜெசிந்தா டீச்சர் அளக்கச் சொன்ன இரத்தக்குழாய்கள்

ஜெசிந்தா டீச்சரின் அக்கா மகள் ஷீபாவின் அழைப்பு வந்தபோது நான் ஸ்கேன் அறையில் இருந்தேன். "சித்தி போயிட்டாவ டாக்டர்" என்றாள். படுக்கையில் ஒருவர் படுத்திருந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டுப் பாதியில் விட்ட வேலையை முடித்தேன். அழுகைக்கு முன்பே எனக்கு அலுப்பு வந்துவிட்டது.

உங்களில் பலருக்கு டீச்சர் விளையாட்டு ஆசிரியை. கடற்கரைப் பள்ளியில் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர், விசில் தேவைப்படாத குரல்காரர். எனக்கு அவர், சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்ததற்கு அடுத்த வருடம், தன் தம்பியை அடக்கம் செய்த கையோடு வந்த நோயாளி. தம்பி மணலில் விளையாடிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். டீச்சரின் உயரத்தையும் நீண்ட விரல்களையும் கண்ணாடியின் தடிமனையும் பார்த்த இதய மருத்துவர், உடம்பைப் பிணைத்து வைத்திருக்கும் திசுவே பிறவியில் பலவீனமாக இருக்கும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்று, இரத்தக்குழாய்களை ஸ்கேனில் அளக்கும் என்னிடம் அனுப்பியிருந்தார்.

கழுத்தில் கருவியை வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தக்குழாய் எவ்வளவு விரிந்து சுருங்குகிறது என்று அளந்தேன். கையில் இரத்த அழுத்தமும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்தால் குழாயின் விறைப்பு தெரியும். அவருடையது வயதுக்கு மீறி விறைத்திருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் சற்று அகன்றும் இருந்தது. நான் விளக்கி முடித்ததும், "பழைய பந்துக்க பிளாடர் மாதிரி. இழுவை போயிட்டு. அப்படித்தான?" என்றார். அப்படித்தான்.

இது குடும்பத்தில் ஓடுவது என்று சொன்னது நான். வீடு வீடாக ஏறி இறங்கியது அவர். ஞாயிறு பூசை முடிந்ததும் சொந்தக்காரர்களைத் தேடிப் போவார். பெரும்பாலும் கதவைத் திறக்க மாட்டார்கள். ஷீபாவின் தாய், அதாவது டீச்சரின் அக்கா, "பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். நோய்க்காரக் குடும்பம்னு ஊரு பேசணுமா?" என்று கேட்டாராம். "தம்பியப் பெட்டியில வச்சப்போ எல்லாரும் என்னக் கெட்டிப்பிடிச்சு அழுதிய. இப்போ ஸ்கேனுக்கு வாங்கன்னா மொகத்தத் திருப்புதிய" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். கடைசியில் ஷீபா மட்டும் வந்தாள்.

அவளுடைய அளவுகள் சித்தியுடையதைவிட மோசம். கர்ப்பமானால் பெரிய குழாய் கிழியும் ஆபத்து இருந்தது. அவளுக்கோ, வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. மறைத்துவிடலாம் என்றது வீடு. "எனக்குச் சொல்ல வாயி வரல்ல சித்தி. நீங்க சொல்லுங்க" என்றாள் ஷீபா. விடுப்பில் வந்திருந்த அந்த மாப்பிள்ளையை டீச்சர் என் அறைக்கே கூட்டி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மாப்பிள்ளை எழுந்துபோனார். சில நாட்களில் கல்யாணம் நின்றது. அதன்பிறகு அக்கா டீச்சரிடம் பேசவில்லை.

"நான் செஞ்சது சரியா டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"மருத்துவப்படி சரிதான் டீச்சர்."

"மருத்துவப்படி மட்டுந்தானா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வருடங்கள் இப்படியே போயின. மாத்திரை, அளவு, மறுபடியும் மாத்திரை, மறுபடியும் அளவு. அளப்பதால் எந்தக் குழாயும் இளகிவிடுவதில்லை. எப்போது அறுவை செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான். ஷீபாவுக்குத் திருவனந்தபுரத்தில் உரிய நேரத்தில் அறுவை நடந்தது. இன்று கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். டீச்சருக்கும் அறுவை நடந்தது. ஆனால் நோய் கீழே இறங்கியது. வயிற்றுப் பக்கத்துக் குழாய் அகலத் தொடங்கியது. இரண்டாவது அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருந்தபோது அது கிழிந்துவிட்டது.

கடைசியாக வந்த நாளில் படுக்கையில் ஏறவே அவருக்கு மூச்சு வாங்கியது. அளந்து முடித்த பிறகு, துடைத்த கருவியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் தளந்துட்டிய டாக்டர்" என்றார்.

"ஆமா டீச்சர்."

"இருங்க, ஒரு சாயா குடிப்போம். அப்புறமா சொல்லுங்க. கெட்ட சேதி எங்க போயிரப் போவுது?"

இருவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து குடித்தோம். பிறகு, வயிற்றுக் குழாய் இன்னும் அகன்றிருப்பதைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது அவர் விசாரித்தது ஷீபாவின் அடுத்த ஸ்கேனைப் பற்றித்தான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் டீச்சரின் அக்கா என்னிடம் வந்தார். "நாங்க பேசாம இருந்த வருசமெல்லாம் எனக்க பிள்ளைய மாத்திரை தின்ன வச்சது அவதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசல்ல" என்றார். பிறகு, "எனக்க மூத்தவனையும் பாக்கணும். எப்போ கூட்டிட்டு வரட்டு?" என்று கேட்டார். நாளைக்கே வரச் சொன்னேன்.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்வார். "எனக்க உடம்புதான. நானும் பாக்கணும்லா." அவருக்காகத் தொடங்கியது, இப்போது யார் வந்தாலும் திரையைத் திருப்பிவிடுகிறேன். அவரிடமிருந்து என்னோடு தங்கியது இந்தப் பழக்கம்தான். மறுநாள் வந்த அக்காவின் மூத்த மகனுக்கும் திருப்பினேன். குழாய் கொஞ்சம் விறைத்திருந்தது, இன்னும் அகலவில்லை. மாத்திரை தொடங்க நேரம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்க பிள்ளியளையும் கூட்டிட்டு வரணுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"வரணும்" என்றேன்.