துள்ளோட்டமா, பாய்ச்சலா?

குதிரைப் பயிற்சியாளன் என்றால் குதிரைக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்று ஊர் நினைக்கிறது. குதிரை சீக்கிரம் கற்றுக்கொள்ளும், மேலே உட்காருகிறவர்தான் பாடாய்ப் படுத்துவார். மாமனாருக்குச் செல்போன் கற்றுக்கொடுத்தவர்களே, உங்களுக்கு இந்த வேதனை புரியும்.

அணைக்கரையில் ஒரு பாடம்

திருத்தங்கல் பக்கம் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் முதலாளி ஒருவர், தன் குதிரை செல்வியை நெடுந்தூரப் போட்டிக்குத் தயார் செய்ய என்னைக் கூப்பிட்டார். ஓட்டப்போவது அவரே. இந்தப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. பகல் முழுக்க ஓடிய குதிரையின் நெஞ்சுத் துடிப்பு, வந்து சேர்ந்த அரை மணிக்குள் அடங்க வேண்டும். இல்லையென்றால் ஓடியது கணக்கிலேயே வராது.

அதனால் நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்தான் ஏற்றது, குதிரை களைக்காது என்று ஆனைக்குட்டம் அணைக்கரையில் தொண்டை வறள விளக்கினேன். தலையாட்டிவிட்டு ஏறியவர் எடுத்த எடுப்பிலேயே பாய்ச்சலில் விட்டார். செல்வி நுரை தள்ளித் திரும்பி வந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"வேகமாப் போனா சீக்கிரம் முடிஞ்சிரும். சீக்கிரம் முடிஞ்சா களைப்பு ஏது மாஸ்டர்? இது கூடத் தெரியாமலா வாத்தியாரா இருக்கீக?"

மினிபஸ்

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு குண்டும் குழியுமான சாலை. அதில் மினிபஸ் போகும் வேகமும் துள்ளோட்டமும் சரியாக ஒன்று. "பஸ்ஸை முந்தாதீர்கள், பின்தங்கவும் வேண்டாம்" என்று முதலாளியிடம் சொன்னேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

செல்விக்குத் துள்ளோட்டம் அருமையாகப் படிந்தது. கூடவே ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்பதும் படிந்துவிட்டது. பஸ் வராத நேரத்திலும் நின்றாள். விசில் சத்தம் கேட்டால்தான் காலை எடுத்து வைப்பாள். கடைசியில் கண்டக்டரே இறங்கி வந்து முறையிட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க. நேத்து ரெண்டு பேரு பஸ்ஸ விட்டுட்டு குதிரையில எடம் இருக்கான்னு கேட்டாக."

சபதம்

போட்டியை முடிக்காவிட்டால் செல்வியைக் கல்யாண ஊர்வலக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார். ஜரிகைத் துணி போர்த்தி, மாப்பிள்ளையைச் சுமந்து, டிரம் செட்டுக்கு முன்னால் அவள் தட்டுத்தடுமாறுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மேல் அவ்வளவு பாசம். ஃபோர்மேன் ஆறுதலாகப் பேச வந்தார்.

"குதிரையோட ஊர்வலத்துக்கு நீங்களும் போயிருவீகளா, இல்ல இங்கனயே லோடு ஏத்த வாரீகளா?"

கடைசிக் கோடு

போட்டியன்று முதலாளி நான் சொன்ன பேச்சைக் கேட்டார். மேட்டில் நடை, சமதளத்தில் துள்ளோட்டம். அதனால் கடைசியாகத்தான் வந்தார். மற்ற குதிரைகள் வண்டியேறிப் போய்விட்டன. போட்டிக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் செல்வியின் நெஞ்சில் வைத்த நொடியில், வரவேற்க வந்திருந்த கம்பெனி ஆட்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய சரமோ அவ்வளவு பெரிய மரியாதை. அது முடிகிற வழியாக இல்லை.

டாக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரத்தைக் காட்டிக் கையை விரித்தார். அரை மணி தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வியோ வெடி சோதிக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி கண் சொருகி நின்றாள். கடைசி வெடி ஓய்ந்ததும் டாக்டர் மறுபடி காதை வைத்தார். துடிப்பு அழகாக அடங்கியிருந்தது, நேரமும் மிச்சமிருந்தது. "பாஸ்" என்றார். நான் செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். முதலாளி என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"பாத்தீகளா மாஸ்டர், நம்ம வெடிக்கு நெஞ்சு எம்புட்டு அடங்குது! வார சீசனுக்கு லேபிள்ல 'இதயத்துக்கு நல்லது'ன்னு அடிச்சிருவமா?"

குதிரைக்கு எது நல்லது என்று யார் கேட்டாலும் துள்ளோட்டம் என்று தயங்காமல் சொல்லுவேன், முதலாளிக்கு எது நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.