அடையில் உட்கார்ந்த கருங்கோழி

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏழு கோழிகள். ஏழும் ஏழு தினுசு. கைக்குள் அடங்கும் செராமா சேவல், திறப்பு விழாவுக்கு வந்த எம்.பி. மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். கொண்டைக்காரிக்கு முடி கண்ணை மறைப்பதால் தண்ணீர்க் கிண்ணத்தில் போய் முட்டிக்கொள்வாள். "கோழியையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அடிக்கட்டுமே! லோரி ஓட்டி ஓய்ந்த எனக்கு இதுகள் முகத்தில் விழித்தால்தான் பொழுது விடியும்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனைப் பார்க்க ஜெஞ்சாரோமிலிருந்து வந்த சம்பந்தியம்மா, கூடையில் ஒரு கோழி கொண்டுவந்தார். உடம்பெல்லாம் பஞ்சு பஞ்சாய் வெள்ளை முடி. விலக்கிக் காட்டினார், தோல் கன்னங்கரேலென்று இருந்தது.

"சுத்தமான கருங்கோழிண்ணே. பிள்ள பெத்த உடம்புக்கு நல்லது லா. நாளைக்கே சூப்பு வெச்சுக் குடுங்க."

அது காலுக்கு ஐந்து விரலோடு என் கைமேல் ஏறி நின்று முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், எனக்கு மனசு வரவில்லை. கூண்டில் விட்டுவிட்டேன். மகளுக்குப் பாசாரில் வாங்கிய கோழியில் சூப்பு வைத்தோம். மறுநாள் சம்பந்தியம்மா போனில் கேட்டபோது, "அமிர்தம்! ரெண்டு கிண்ணம் குடிச்சிச்சு" என்று வாய் கூசாமல் புளுகினேன். தெரிந்தால் மகளுக்குத்தான் பேச்சு விழும் என்று பயமாகவும் இருந்தது.

பத்து நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் இன்னொரு கூடை!

"சூப்பு பிடிச்சிருந்துச்சுன்னீங்களே, இன்னொன்னு கொண்டாந்தேன். நானே அறுத்துத் தரேன்" என்று நேராகப் பின்பக்கம் போனார். "உங்க வாய்தானே, நீங்களே சமாளிங்க" என்று மனைவி நழுவிவிட்டாள்.

கூண்டுக்குள் அவர் கொடுத்த கோழி, கொண்டைக்காரி இட்ட முட்டைகளின்மேல் அடையில் உட்கார்ந்திருந்தது. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார்.

"இது நான் குடுத்ததுல்ல?"

"ஆமா தங்கச்சி. அறுக்க மனசு வரல, பொய் சொல்லிட்டேன். என் மகள ஒன்னும் சொல்லிடாதீங்க."

அவர் கையை உள்ளே விட்டார். அது முடியைச் சிலிர்த்துக்கொண்டு வெடுக்கென்று ஒரு கொத்து கொத்தியது. விரலை உதறிக்கொண்டு எழுந்தவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அடையில உட்கார்ந்தவள எப்படிண்ணே அறுக்கிறது? அதுவும் பிள்ள பெத்த வீட்டுல!"

கொண்டுவந்த கூடையைத் திறந்து புதுக்கோழியையும் கூண்டில் விட்டார்.

"வாசல்ல நிக்கிற காடிய எடுங்க. மருமகளுக்குப் பால் ஊறப் பால்சுறா மீன் வாங்கிட்டு வருவோம்."