மொட்டையாக வந்த வலைத்தளம்

போன வாரம் தரமணி ஆபீஸில் நெட் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வலைத்தளம் மொட்டையாக வந்து நின்றது. நிறமில்லை, கட்டமில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து, நீலத்தில் அடிக்கோடிட்ட இணைப்புகள், அவ்வளவுதான். "ரீஃப்ரெஷ் அடிங்க சார்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அடித்தேன், சரியாகிவிட்டது. எனக்குத்தான் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் எங்கள் கம்பெனி. பாத்திரம் சுற்றிவரும் வைக்கோல் வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறிவரும். ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு மடி! அங்கே நான் சீனியர். அதாவது ஸ்டெல்லாவுக்குச் சில மாதம் முன்னால் சேர்ந்தவன்.

ஸ்டெல்லா சாந்தோம் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மயிலாப்பூர் கல்யாண சமையல் கான்ட்ராக்டர் ஒருவருக்கு வலைத்தளம் செய்துகொண்டிருந்தாள். எங்களுக்கெல்லாம் அவர் மாமா. நாங்கள் பக்கத்துக்குப் பக்கம் நிறத்தை எழுதி மாரடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஸ்டைல் ஷீட் என்று ஒரே கோப்பில் எழுதினாள். வலையில் ஏற்றுமுன் ஆபீஸில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்தோம். தேர் மாதிரி இருந்தது.

வலையில் ஏற்றிய மறுநாள், அடையாறில் மகன் வீட்டிலிருந்து மாமா போன் செய்தார். "என்னப்பா இது? சாம்பார், ரசம், பாயசம் எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டினாப்ல இருக்கே!"

முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "யார் பண்ணது?" என்றார்.

"ஸ்டைல் ஷீட் ஸ்டெல்லா எழுதினது சார்" என்றேன். பொய்யில்லைதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் கோப்பை வரிவரியாகத் துழாவினேன். தப்பு அகப்படவில்லை. ஒவ்வொரு கோப்பையும் அனுப்பும்போது அது இன்ன வகை என்று சர்வர் சொல்லி அனுப்ப வேண்டும். தளத்தை வைக்க இடம் வேண்டுமென்று நான் பார்த்துப் பிடித்த மலிவு ஹோஸ்ட் கம்பெனி, ஸ்டைல் ஷீட்டை வெறும் எழுத்து என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. பாயச வாளியைக் கொண்டுவந்து மோர் என்று சொன்னால், பாயசத்துக்குக் காத்திருப்பவர்கூட இலைக்குக் குறுக்கே கையை வைத்துவிடுவார் இல்லையா? மாமா பார்த்த உலாவியும் அதைத்தான் செய்தது. ஹோஸ்டுக்கு மெயில் போட்டேன், ஒரு வரி சேர்த்தார்கள். தளம் ஜொலித்தது.

"நீ உக்காந்தாதான்யா ஆவுது" என்றார் முதலாளி. பல்லைக் காட்டினேன், வெட்கங்கெட்டவன். ஹோஸ்டைப் பிடித்தது யார் என்ற பேச்சு வந்துவிடுமே என்று பயம்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் சார். எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, கத்துக்கறேன்."

"சின்ன விஷயம்தான், விடும்மா."

அவள் வேலை போகவில்லை. ஆனால் அதற்கப்புறம் எதை எழுதினாலும் என்னிடம் கொண்டுவந்து "சரியா சார்?" என்று கேட்டாள். சில மாதத்தில், "எனக்கு இது வராது சார்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'ஆல் த பெஸ்ட்' சொன்னேன்.

இன்று அந்தப் பாத்திரக்கடை இல்லை, கம்பெனி இல்லை, ஹோஸ்டும் இல்லை. அந்த மாதிரிக் கோளாறே இப்போது அபூர்வம். மாமாவின் தளத்தையும் தேடிப் பார்த்துவிட்டேன். ஸ்டெல்லா எழுதியதில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்று அவளிடமே காட்டலாமென்றால், அந்தக் கோப்பு இப்போது எங்கேயும் இல்லை.