ஜெசிந்தா அக்காவின் காது

முனியம்மாதான் சொன்னாள். முகப்பேரில் நான் வைத்திருக்கும் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடைக்குப் பகல் பதினொரு மணிக்குப் போன் செய்தாள். "சேகரு, ஜெசிந்தா அக்கா பூட்டாங்கபா. காத்தால நெஞ்சு வலின்னாங்களாம். ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சு." நம் கேசட் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த அதே முனியம்மா. "எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டேன். அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகுதான் அது நிம்மதி என்று புரிந்தது. என்னைப் பற்றிய உண்மை தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்ற நிம்மதி. சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று என் முகத்திலேயே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீயும் நாலு நல்ல வார்த்தை எழுது என்று கம்பெனியில் கூட வேலை பார்த்த நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தையை முதலாளி எழுதுவார். அவருக்கு அது கைவந்த கலை. நான் நடந்ததை எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டாதீர்கள். வெட்டுவதானால் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கள்ளிக்குப்பத்தில் இருந்த நம் கம்பெனி ஷெட்டில் அக்காவின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் அவர் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. மாதா பாட்டோ, அம்மன் பாட்டோ, ஆங்கிலப் பாடமோ, எதுவானாலும் மூல நாடா நம்மிடம் வரும். ஆயிரக்கணக்கில் பிரதி எடுப்பதற்கு முன்னால் அக்கா அதை முதலிலிருந்து கடைசி வரை ஹெட்போனில் கேட்பார். 'போடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். காலையில் வந்ததும் கம்மல் இரண்டையும் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் போடுவார். ஹெட்போன் அழுத்தினால் காது மடல் புண்ணாகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்மலை மாட்டிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு பஸ் ஏறுவார். டாங்கி தொழிற்சாலையில் இருந்த கணவர் தவறிய பிறகு, அந்த வீட்டை அந்த வேலைதான் தாங்கியது.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருமுறை பெயர் பெற்ற பாடகர் ஒருவர் தன் பக்திப் பாட்டு நாடாவோடு தானே வந்து உட்கார்ந்தார். அக்கா கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "மூணாவது பாட்டுல பின்னால யாரோ பிளாஸ்டிக் பையப் பிரிக்கிறாங்க. திரும்பப் பாடுங்க." பாடகருக்கு மூக்குக்கு மேல் கோபம். "இது பக்தியோட கேக்க வேண்டியதும்மா" என்றார். "பக்தி உங்களுக்கு, பிசிறு எனக்கு. நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் என் வேலையப் பாத்துகினு கீறேன்" என்றார் அக்கா. பாடகர் ஹெட்போனை வாங்கி மாட்டினார். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். நாடாவை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் திரும்பப் பாடிக்கொண்டு வந்தார்.

முதலாளிக்கு இந்தக் கறார் பிடிக்காது. "எல்லாத்துக்கும் நொட்டை சொன்னா யாவாரம் எப்படிம்மா நடக்கும்?" என்பார். "நல்லா கீதுன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குத்தான் நீங்க கீறீங்களே!" என்று அக்கா சொன்ன நாளில் ஷெட்டே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். ஆனால் அவர் அதை மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டுடியோக்காரர்கள் டிஜிட்டல் நாடாவுக்கு மாறினார்கள். அந்த நாடாவில் ஒலி எண்களாகப் பதிந்திருக்கும். எண்களைத் திரும்ப ஒலியாக்க ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். பிரதி எடுக்கும் மெஷினுக்கும் அதிலிருந்துதான் ஒலி போகும். அக்காவின் ஹெட்போனையும் அதில்தான் செருக வேண்டும். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். நான் டெக்னீஷியன். நாலு பேர் முன்னால், "சேகர் எது சொன்னாலும் அதுதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அக்கா தன் ஹெட்போனை ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். ராணுவக் கழிவுச் சாமான் விற்கும் கடையில் கம்பெனி எப்போதோ வாங்கியது. கறுப்பு, கனமானது, வயர்லெஸ்காரர்கள் மாட்டியிருந்தது. "சேகரு, பொட்டிய இத்த மாட்டிக் கேட்டுட்டு வாங்கு. எனக்குத் தோதா இருக்கணும். உன் காதுக்கு நல்லா கீதுன்னு வாங்கிகினு வந்துடாத" என்றார். நியாயமான பேச்சு. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருக் கடைக்காரரும் அதையேதான் கேட்டார்: "எந்த ஹெட்போனுக்கு சார்? அது தெரியாம பெட்டி எடுக்காதீங்க."

கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறம், செங்கல் மாதிரி. இன்னொன்று ஒல்லியானது, முன்னால் நீல விளக்கு. மஞ்சள் பையைத் திறந்தேன். ஹெட்போனின் பஞ்சில் பல வருடத்துத் தேங்காயெண்ணெய் ஊறிப் பிசுபிசுவென்று இருந்தது, வாடை வேறு. அதை என் தலையில் மாட்ட எனக்கு அருவருப்பாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. பையை மூடிவிட்டு என் வாக்மேனோடு வந்த சின்ன ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். நீல விளக்குப் பெட்டி தேனாகப் பாடியது. அதையே வாங்கினேன்.

ஷெட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "என் ஹெட்போன்ல கேட்டியா?" என்பதுதான். "கேட்டேங்க்கா. சூப்பரா இருந்திச்சு" என்றேன். அவர் நம்பினார்.

இரண்டு வாரத்தில் கோளாறு தொடங்கியது. "சத்தமே பத்தலபா" என்று அக்கா குமிழைக் கடைசி வரை திருப்பி வைத்துக் கேட்டார். அப்படி வைத்தால் உச்சஸ்தாயியில் கரகரப்பு வரும். நாடாவில்தான் கரகரப்பு என்று நினைத்து, நல்ல நாடாக்களை 'வேண்டாம்' என்று திருப்பினார். மெல்லிய இரைச்சல் இருந்த நாடாக்களை 'போடலாம்' என்று விட்டார். கடைகளிலிருந்து கேசட்டுகள் திரும்பி வந்தன. ஸ்டுடியோக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

காரணம் எனக்கு ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிட்டது. அவர் போன பிறகு மீட்டரை எடுத்து அவருடைய ஹெட்போனை அளந்தேன். பெட்டியோடு வந்த தாளைப் படித்தேன். ராணுவ ஹெட்போனின் மின்தடை அறுநூறு ஓம். என்னுடையது முப்பத்திரண்டு. நீல விளக்குப் பெட்டி சின்ன ஹெட்போனுக்காகச் செய்தது. மூன்றாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய இடத்தில் தோட்டத்து மோட்டாரைப் போட்ட கதைதான். முக்கி முனகும், ஏறாது. அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இந்த ஹெட்போனை அலட்சியமாக ஓட்டியிருக்கும். பெட்டியை மாற்றக்கூட வேண்டாம், ஹெட்போனை மாற்றினாலே போதும். ஆனால் மாற்றினால் ஏன் என்று அக்கா கேட்பார். முதலாளியும் கேட்பார். அப்போது சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அதற்குள் அக்கா தன் காதையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். அரைநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துக்கொண்டு வந்தார். அந்தச் சீட்டை முதலில் என்னிடம்தான் காட்டினார். "ரெண்டு காதும் கிளியராம். டாக்டரே சொல்லிட்டாரு. அப்ப கோளாறு எங்க கீது, சேகரு?" அவர் கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு இல்லை. டெக்னீஷியனிடம் விவரம் கேட்டார், அவ்வளவுதான். நான் சொன்னேன்: "வயசாகுது இல்லக்கா... சோதனைல தெரியாது, சிலது." ஐயோ, அந்த முகத்தை எப்படி எழுதுவது? சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நடந்ததற்கு நீங்கள் எல்லாரும் சாட்சி. முதலாளி வேலையை நிறுத்தி எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொன்னார். அக்கா திருப்பி அனுப்பிய நாடா ஒன்றைப் பெரிய ஸ்பீக்கரில் ஓட்டினார். அக்கா ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். "இங்க கரகரன்னுது" என்று கையைத் தூக்கினார். ஸ்பீக்கரில் பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. "எங்க யாருக்கும் கேக்காதது உங்களுக்கு மட்டும் கேக்குதாம்மா?" என்றார் முதலாளி. அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். முதலாளி கையில் வாங்கவே இல்லை. "அங்க மணி அடிச்சாக் கேக்கும். நம்ம வேலை வேற" என்றார். இரண்டு பேர் சிரித்தீர்கள். யார் என்று எழுத மாட்டேன், சிரித்தவர்களுக்குத் தெரியும். அக்கா என் பக்கம் திரும்பினார். "சேகரு, நீ சொல்லு. அந்தப் பொட்டி என் ஹெட்போனுக்கு சரியாத்தான கீது?" ஷெட் முழுக்க என்னைப் பார்த்தது. "சரியாத்தான் இருக்குக்கா" என்றேன்.

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் முதலாளியின் அண்ணன் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ராணுவ ஹெட்போனைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பொருத்தமான புது ஹெட்போனை மாட்டிக் கொடுத்தேன். கோளாறு எல்லாம் பறந்துவிட்டது. "பாத்தீங்களா, ஆள மாத்துனதும் சரியாயிடுச்சு!" என்று முதலாளி பூரித்துப்போனார். நான் சூப்பர்வைசர் ஆனேன். லட்டு கொடுத்தேன், தின்றீர்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காது போன கதை பஸ் ஏறி முத்தாபுதுப்பேட்டை வரை போனது. மாதா கோயில் பாடற்குழுவில் சுருதி பிடித்துக் கொடுப்பவர் அக்காதான். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்று அங்கேயும் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் பீடத்துப் பக்கம் நிற்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், வாயைத் திறக்கவில்லை என்று முனியம்மா சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் வெட்டும் வேலைக்குப் போனார்.

கேசட் காலம் முடிந்து கம்பெனியை மூடிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இனி இழக்க ஒன்றும் இல்லை என்றானபோது வந்த தைரியம், அதற்குப் பெயர் தைரியமா? அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் பை, எண்ணெய் வாடை, மீட்டர், பரண். கழுவிய கை நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். மீன் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நானே நம்பிட்டேன்டா. என் காது பூட்ச்சுன்னு நானே நம்பிட்டேன். பாட்டுப் பாடறத உட்டேன்." மன்னித்துவிடுங்கள் அக்கா என்று கைகூப்பினேன். "இன்னாத்துக்கு? அத்தினி பேரு நடுவுல என் காது போச்சுன்னாங்க. நீ என் ஊட்டு சமையக்கட்டுல வந்து நல்லா கீதுன்னு சொல்ற. எனக்கு எதுக்கு சொல்ற? போய் அங்க சொல்லு." சரி அக்கா என்றேன். இரண்டு வருடம் போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களில் பலரைத் தெருவில் பார்த்தேன், டீ குடித்தேன், பிள்ளைகள் படிப்பைப் பேசினேன்.

அடக்கத்தன்று முதலாளி ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். அக்கா உயிரோடு இருந்தபோது நீட்டிய ஒரு சீட்டைக் கையில் வாங்காதவர். சவப்பெட்டியருகே நின்று, "அருமையான பொம்பள. பாவம், கடைசில காதுதான் கேக்காமப் போச்சு" என்று அக்காவின் தங்கையிடம் சொன்னார். தங்கை தலையாட்டினார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவர் அறியாமல் சொன்னார். நான் அறிந்தே நின்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு கட்டளை: போய் அங்க சொல்லு. அன்று ஹாலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் முப்பதாம் நாள் பூசைக்கு வருவீர்கள். பாடற்குழுக்காரர்களும் இருப்பார்கள். அதனால் இங்கே சொல்கிறேன். அக்கா திருப்பி அனுப்பிய நாடாவில் கரகரப்பு இல்லை; அவர் ஹெட்போனில் இருந்தது. அதைக் கேட்டது அவர் ஒருவர்தான், சரியாகத்தான் கேட்டார். கோளாறு நான் வாங்கிய பெட்டியிலும் என் நாக்கிலும். ஜெசிந்தா அக்காவின் காது கடைசி நாள் வரை நன்றாகத்தான் இருந்தது. அது கேட்டுக்கொண்டிருந்த நாளில் நான் இதைச் சொல்லவில்லை.