ஓச்சேரி வழியாகக் கைலாசநாதர் கோவில்

ஒரகடம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலை இன்னும் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் வரை நானும் உங்கள் கட்சிதான். நான் கார் கம்பெனியில், மனைவி ரேவதி உதிரிபாகக் கம்பெனியில். ஆளுக்கொரு ஷிப்ட். மண்ணூர் வீட்டு வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு அரைநாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. எனக்கு விடுமுறை, அவளுக்கு இரண்டரைக்குத்தான் கம்பெனி பஸ்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். காலை எட்டரைக்கு, காஞ்சிபுரம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் ஏறினோம். வழி எனக்கு அத்துப்படி என்று பெருமையடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதோடு சரி. கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்: உட்கார்ந்ததும் கண் மூடிக்கொள்ளும், கேட் வந்ததும் டிரைவர் எழுப்பிவிடுவார். இது அரசு பஸ் என்பது எங்கள் உடம்புக்குத் தெரியவில்லை. விழித்தபோது ஓச்சேரி. காஞ்சிபுரம் தாண்டி இருபது கிலோமீட்டர்.

"காஞ்சிபுரம் காஞ்சிபுரம்னு தொண்ட கிழியக் கத்துனேன் சார்," என்றார் கண்டக்டர். "ரெண்டு பேரும் சாஞ்சிகினு அப்டி ஒரு தூக்கம். ஒரகடம் கம்பெனியா?"

"எப்டிண்ணே தெரியும்?"

"உங்க ஆளுங்கள அடிக்கடி இங்கதான் எறக்கி வுடறேன்."

ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான். கிடைத்த ஒரே அரைநாளைத் தூங்கித் தொலைத்துவிட்டோம். எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசிக் கோவிலை அடைந்தபோது பதினொன்றரை.

ஆயிரத்து முந்நூறு வருடத்துப் பல்லவர் கோவில். மணற்கல் தூண்களில் சிங்கங்கள். சுற்றுச்சுவரில் வரிசையாகச் சின்னச் சன்னதிகள், சிலவற்றில் பழைய ஓவியத்தின் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரேவதி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டே போனேன்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி. தவழ்ந்து நுழைந்து, சுற்றி, தவழ்ந்தே வெளியே வரவேண்டும். வந்துவிட்டால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. குருக்கள் சொல்லி முடிப்பதற்குள் தலையை உள்ளே விட்டுவிட்டேன். முழங்கை சிராய்க்க வெளியே வந்து, "சூப்பரா கீது, நீ போ," என்றேன்.

"நான் போவல."

"பயமா?"

"இன்னா பயம்? இந்த ஜென்மம் ஷிப்ட்லயே போவுது. அடுத்த ஜென்மத்துலயாவது உன்கூட ஒரே ஷிப்ட்ல கெடக்கலாம்னு பாத்தா, நீ பாட்டுக்குப் பூந்து முடிச்சிகினு வந்து நிக்கற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"சாமி, வந்த வழியே திரும்பிப் போனா கேன்சல் ஆவுமா?" என்று குருக்களிடம் கேட்டேன்.

"இடமாச் சுத்தக் கூடாதுப்பா," என்றார். ரேவதியைப் பார்த்தார். பிறகு, "நடை சாத்தணும், சீக்கிரம். நான் பாக்கல," என்று திரும்பிக்கொண்டார். வெளியே வந்த வழியிலேயே தலையை விட்டு, நுழைந்த பக்கமாகத் தவழ்ந்து வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கினாள். தூங்கிவிடுவேனோ என்று நான் நின்றுகொண்டே வந்தேன். இரண்டரை பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள். முழுக்கைச் சட்டை நல்லது. பஸ்ஸில் ஒருவராவது விழித்திருங்கள். ஜோடியாகப் போனால், அந்த வழிக்குள் தலையை விடுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லா நாளும் குருக்கள் திரும்பிக்கொள்வார் என்று சொல்ல முடியாது.