பாலோடு விழுங்கிய மாத்திரை

முதலில் எரிந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். இதே உபாதையோடு இந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தவர்களுக்கு எங்கே என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் கழிவறையில் நின்றபோது சிறுநீருக்குப் பதிலாக மிளகாய்க் கரைசல் போவதுபோல் இருந்தது. சூடு என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டிய ஆணுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அது சூடுதான். இரண்டு இளநீர் குடித்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டேன், வைத்தியம் முடிந்தது என்று வேலைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மதியம் குளிர் வந்தது. சித்திரை வெயிலில் திருச்செங்கோட்டு மலைப் பாறை கொதித்துக்கொண்டிருக்க, நான் கம்பளி கேட்டேன். பல் கிடுகிடுத்தது. வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் வலி. வெப்பமானி நூற்று மூன்று காட்டியது. என் மனைவி சாந்தாமணிக்கு நம்பிக்கை வரவில்லை. உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நூற்று மூன்று.

"ஏனுங்க, இது சூடு இல்லீங்க. கெளம்புங்க" என்றாள்.

நான் எங்கள் ஊர் பால் சொசைட்டியின் செயலாளர். காலையும் மாலையும் ஊரே கேனைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கும். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் கண்டுபிடிப்பது என் வேலை. கண்டுபிடித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வது என் பொழுதுபோக்கு. "ஏனுங்க, உங்க எருமை கெணத்துல உழுந்துருச்சுங்களா?" என்று கேட்டால் போதும், மறுநாள் பால் கெட்டியாக வரும். இப்படி ஊரையே கிண்டல் செய்து காலம் ஓட்டியவன், காய்ச்சல் வந்த இரண்டாவது மணி நேரத்தில் சாவதற்குத் தயாராகிவிட்டேன்.

திருச்செங்கோட்டில் ஒரு சிறிய மருத்துவமனை. டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம் பக்கம். என் மகள் வயதுதான் இருக்கும். வலிக்கிற இடத்தில் கையை வைத்து மெல்லத் தட்டினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே நடைவழியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம்.

"பைலோநெஃப்ரைடிஸ் மாதிரி தெரியுது சார்" என்றார். (சிறுநீரகத்தில் ஏற்படும் கிருமித் தொற்று.) "சிறுநீர்ப் பையில இருந்த கிருமி மேல ஏறி கிட்னிக்குப் போயிருக்கு."

கிட்னி என்ற சொல் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது பெரும்பாலும் விழவில்லை.

கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க டப்பா கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு ஊசி. மறுநாளிலிருந்து சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று, பத்து நாள்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலுக்கு நான் அவ்வப்போது குடிக்கிற ரோஸ் கலர் மருந்தை (வயிற்று அமிலத்தைத் தணிப்பது) நான் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அது ஊறுகாய் மாதிரி. எப்போதும் இருக்கும்.

மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று அவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிக்கொண்டே நான் என் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் யார் யார் பெயர் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊசி வேலை செய்தது. ஞாயிறு காலையில் காய்ச்சல் இறங்கி, இரண்டு இட்லி உள்ளே போனது. அன்றே மாத்திரையை ஆரம்பித்தேன்.

இங்கேதான் என் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) சூடு, வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்பது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம். அதனால் முதலில் ரோஸ் மருந்து இரண்டு மூடி. அடுத்து மாத்திரை. அதன் மேல் ஒரு சொம்பு பால். வெறும் பாலா? சொசைட்டி செயலாளர் வீட்டு எருமைப் பால், ஆடை மிதக்கும். போனில் எட்டு மணிக்கு அலாரம், மறுபடி இரவு எட்டுக்கு அலாரம். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. இவ்வளவு ஒழுங்கான நோயாளியை அந்த மருத்துவமனை பார்த்திருக்காது என்று எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை நூற்று இரண்டு. செவ்வாய்க்கிழமை நூற்று மூன்று.

செவ்வாய் மதியம் கட்டிலில் படுத்தபடி போனில் என் படங்களைத் தேடினேன். ஃபிளெக்ஸுக்குத்தான். எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அடக்கமாக இருந்த ஒன்றில் பின்னால் எருமை நின்றது. எடப்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவருக்கு அதை அனுப்பி, எருமையை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

"எதுக்குங்ணா, பொறந்த நாளுங்களா?"

"அந்த மாதிரிதான் சாமி."

அரை மணி நேரத்தில் படம் வந்தது. எருமை போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு சிங்கம் நின்றது. மேலே தங்க எழுத்தில் அகவைத் திருநாள் வாழ்த்து.

சாந்தாமணி எட்டிப் பார்த்தாள். "இது என்னங்க, சிங்கம்?"

உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "உங்க வெளையாட்டுக்கு ஒரு அளவே இல்லீங்களா?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாற்றுத்துணியைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். ஒரே வேட்டியை மூன்று தடவை மடித்தாள். நான் வேடிக்கையாகப் பயந்துகொண்டிருந்த நாள்களில் அவள் நிஜமாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறாள் என்பது அந்த வேட்டியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை மறுபடி அதே நடைவழி. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. வலது சிறுநீரகம் சற்று வீங்கியிருந்தது. கல்ச்சர் முடிவும் வந்திருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"இந்தக் கிருமி நீங்க சாப்பிடற மாத்திரைக்குச் சாகணும் சார். பேப்பர் அப்படித்தான் சொல்லுது. உங்க உடம்புல மட்டும் ஏன் சாகல?"

காய்ச்சல் நீடித்தால் படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார். இல்லாவிட்டால் செப்சிஸ் (தொற்று முற்றி, உடம்பின் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) வரலாம் என்றும் சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

"மாத்திரையை எப்படிப் போடறீங்க?"

"எட்டு மணின்னா எட்டு மணிங்க மேடம். அலாரம் வச்சிருக்கறனுங்க."

"மணி கேக்கல. எதோட போடறீங்க?"

சாந்தாமணி பெருமையோடு முந்திக்கொண்டாள். "பாலோடதானுங்க. தண்ணி கலக்காத பாலுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு பால்?"

"ஒரு சொம்புங்க."

"அதுக்கு முன்னாடி?"

"ரோஸ் மருந்து ரெண்டு மூடிங்க. வயிறு புண்ணாகக் கூடாதுன்னுதானுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். பாலில் இருக்கும் கால்சியமும், ரோஸ் மருந்தில் இருக்கும் அலுமினியம், மெக்னீசியமும் இந்த மாத்திரையை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்தில் பெரும்பகுதி போகாது. குடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியேறிவிடும்.

"நீங்க மாத்திரை சாப்பிடல சார். மாத்திரைக்கு உங்க வயித்தச் சுத்திக் காட்டி அனுப்பி வச்சிருக்கீங்க."

வெட்கத்தில் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியிருக்கும். ஏனென்றால், மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொன்ன நாள் கழியும்வரை சொசைட்டியில் ஊற்ற விடாதவன் நான். என் மைத்துனர் தங்கவேலுவையே கேனோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருந்து பாலில் இறங்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனுக்கு, பாலும் மருந்தின் மேல் ஏறி உட்காரும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. இதை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "மாட்டுக்கு இருக்கிற ஒழுங்கு மனுசனுக்கு இல்லையே சார்."

ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, வாந்தியும் இல்லை. அதனால் ஒரு ஊசி போட்டு, நிபந்தனைகளோடு வீட்டுக்கு அனுப்பினார். மாத்திரை வெறும் தண்ணீரோடு மட்டும். பால், தயிர், மோர் என்றால் மாத்திரைக்கு அப்புறம் இரண்டு மணி நேரமாவது தள்ளி. மாத்திரை முடியும்வரை ரோஸ் மருந்தைத் தொடவே கூடாது. சத்து மாத்திரை என்று வீட்டில் கிடக்கும் கால்சியம், இரும்பு, துத்தநாகம் எதுவாக இருந்தாலும் கேட்காமல் சேர்க்கக் கூடாது. வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும். வாந்தி, தலைச்சுற்றல், சிறுநீர் குறைவு என்றால் எந்த நேரமானாலும் வர வேண்டும். வியாழன் காலை எப்படியும் வந்து காட்ட வேண்டும்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படி இல்லை என்றும் சொன்னார். சிலதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டுமாம். ஆகவே என் கதையைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரைக்குச் சட்டம் போடாதீர்கள். உங்கள் டாக்டரிடம் "எதோட போடறதுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது என்னைப்போல் மனசுக்குள் ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள்.

"பழைய மூணு நாள் கணக்குல வராது" என்றார் கடைசியாக. "இன்னிலேருந்து பத்து நாள்."

வியாழன் காலை போய்க் காட்டியபோது நூற்று ஒன்று. மாலை நூறு. வெள்ளி காலையில் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்துக் கண் விழித்தேன். சாந்தாமணி வெப்பமானியை எடுத்து, தேர்தல் முடிவு போல வாசலுக்குப் போய் அறிவித்தாள்: "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு!" பக்கத்து வீட்டில் யாரோ கை தட்டினார்கள். ஊசிக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதக்கத்தை நான் சொம்புத் தண்ணீருக்குத்தான் கொடுத்தேன்.

ஆறாவது நாள் எனக்கு நோய் இருந்ததே மறந்துவிட்டது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அன்று தங்கவேலு மச்சான் வந்தார்.

"நல்லாயிட்டீங்கல்ல மாப்ள, மிச்ச மாத்திரைய இப்பிடித் தள்ளுங்க. தொண்ட கரகரங்குது."

"மிச்சம்னு ஒண்ணு இல்லீங்க மச்சான். இன்னும் நாலு நாளைக்கு இருக்குது. அத்தனையும் எனக்கு."

"ஊரையே கேலி பண்ற ஆளு, மாத்திரைக்கு மட்டும் இத்தன மரியாதையா?"

"உங்க தொண்டைக்கு வந்தது என்னன்னே தெரியாதுங்க. அது கிருமியாவே இல்லாமப் போவலாம். டாக்டரப் பாருங்க."

"என்ற மாட்டுப் பாலத்தான் ஊத்த உடல. இப்ப மாத்திரையும் தர மாட்டீங்க" என்று முணுமுணுத்தபடி போனார். மறுநாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தே தொண்டை சரியாகிவிட்டது. அதை அவர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை, சாந்தாமணிதான் சொன்னாள்.

ஏழாவது நாள் குதிகால் வலித்தது. தசைநார் போச்சு என்று அலறியடித்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"குதிகாலுக்கு மேல பின்பக்கமா, அடியிலயா?"

"அடியிலங்க மேடம்."

"அடியில என்ன இருக்குன்னு பாருங்க."

வேலமுள் இருந்தது. சாந்தாமணி ஊக்கால் எடுத்துப்போட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "கூப்பிட்டது சரி சார், சந்தேகம்னா கூப்பிடணும்" என்றார் அவர். அவருக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் போனில் கேட்டது.

பத்தாவது நாள் மாலை கடைசி மாத்திரை. வெறும் தண்ணீர். காலியான அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு குழியும் மிச்சமில்லை. அடுத்த வாரம் எடுத்த கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று வந்தது. எத்தனையோ பாலுக்கு நான் தரச் சீட்டு எழுதியிருக்கிறேன்; இவ்வளவு சுத்தமான சீட்டு ஒன்றைக் கண்டதில்லை.

பரிசோதித்ததில் சர்க்கரை இல்லை, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப் பையின் அடியில் இருக்கும் சுரப்பி) வீக்கமும் இல்லை. பிறகு ஏன் வந்தது?

"காலைல எத்தனை மணி நேரம் அடக்கி வைப்பீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு மணி நேரங்க. வரிசை நிக்குதுங்களே."

"அது ஒரு காரணமா இருக்கலாம். நிக்கட்டும் சார்."

உடம்பை இத்தனை வருடம் நான் சொன்ன இடத்துக்கு வருகிற வண்டியாகத்தான் வைத்திருந்தேன். இப்போது அதற்கும் ஒரு குரல் இருக்கிறது, கேட்கிறது. பொழுதும் மாறிவிட்டது. இரண்டு மணி நேரம் என்றால் முன்பு பால் வண்டி வரும் இடைவெளி. இப்போது என் வயிற்றுக்குள் ஒரு மருந்து போய்ச் சேர வேண்டிய தூரம். வலது விலாவுக்குக் கீழே ஒருவன் உட்கார்ந்து இரவும் பகலும் எனக்காக வடிகட்டிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு, பேச்சுக்கு நடுவில்கூடச் சட்டென்று வருகிறது. மரியாதையாகத் தண்ணீர் குடிக்கிறேன்.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, வரிசை சாலைவரை நீண்டிருந்தபோது, பாதியில் எழுந்தேன்.

"என்னங்க மாப்ள, மிஷின் ரிப்பேருங்களா?" என்று வரிசையிலிருந்து தங்கவேலு மச்சான் கத்தினார்.

"இருங்க மச்சான், வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் நடந்தேன்.

எரியவில்லை. தெளிவாக, தண்ணீர் மாதிரி போனது. அந்தப் பக்கம் ஊரே கேனோடு நின்றது. நான் அவசரப்படவில்லை.