கம்பனியின் பங்கு வாய்க்கால்

நாவிதன்வெளிப் பக்கம் வயல் பார்க்கப் போகலாமா, எப்போது போனால் நல்லது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் அங்கே போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சிறுபோகக் காலத்தில், அதாவது கோடை நெல் விதைக்கும் காலத்தில். வயல் பார்க்கப் போகவில்லை. விளக்குப் பார்க்கப் போனேன்.

அப்போது கொழும்பில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. டீசல் எஞ்சின் வைத்துக் கல்முனைப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கம்பனி ஒன்று எங்கள் வாடிக்கையாளர். பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. நாவிதன்வெளியில் வாய்க்கால் ஓரப் பாதைக்கு இலவசமாக விளக்குப் போட்டிருந்தார்கள். ஆண்டறிக்கையில் ‘மக்கள் பணி’ என்ற பக்கத்துக்கு, அந்தியில் விளக்கு எரிய, கீழே நாலு விவசாயிகள் சிரிக்க, ஒரு படம் வேண்டுமாம். சிரிப்புக்கும் நானே பொறுப்பு.

இரவு ரயிலில் மட்டக்களப்பு. அங்கிருந்து பஸ்ஸில் கல்முனைக்கு இருபத்தைந்து மைல். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடற்காற்றாவது கிடைக்கும். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பமும் மீன் ஆணமும் சாப்பிட்டுவிட்டு, உரம் ஏற்றிய ஒரு டிரக்டரில் தொற்றிக்கொண்டு கிட்டங்கித் தாம்போதியை, அந்தத் தரைப்பாலத்தை, கடந்தேன். மழைக்காலத்தில் அந்த வழியை நம்பாதீர்கள், தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும்.

எஞ்சின் கொட்டகையை அடைந்தபோது, அதன் பொறுப்பாளர் தவராசா வாசலில் இரண்டு பேரோடு வாக்குவாதத்தில் நின்றார். ஒருவர் ஆதம்பாவா. அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் முறை பார்க்க விவசாயிகளே தெரிவு செய்த வட்டவிதானை. மற்றவர் பூமணி, வீரமுனைக்காரி. வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது.

விஷயம் இதுதான். போகம் தொடங்குமுன் வாய்க்காலை அளந்து, தண்ணீர் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு பங்கு பிரிப்பார்கள். அவரவர் துண்டை அவரவர்தான் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். எஞ்சினைக் குளிர வைக்கக் கம்பனியும் அந்த வாய்க்காலில் குழாய் போட்டிருந்ததால் அதற்கும் ஒரு துண்டு. எல்லாரும் வெட்டிவிட்டார்கள், கம்பனி வெட்டவில்லை. அந்தத் துண்டில் ஆற்றுவாழை, ஆகாயத்தாமரை என்பார்களே அது, அடைத்துக் கிடக்க, கீழே தண்ணீர் போகவில்லை.

“அஞ்சு விளக்குப் போட்டுத் தந்திருக்கம் விதானையார். இன்னும் என்ன செய்யச் சொல்றீங்க?” என்றார் தவராசா.

“விளக்கு நல்லந்தான் மனே. ஆனா பங்கு வேற, விளக்கு வேற. வெட்டாதவங்க தண்ணி எடுக்கிற வாய அடைக்கிறதுதான் இஞ்ச முறை. போன போகம் என்ட மச்சானுக்கே அடச்சிருக்கன். பின்னேரம் அசறு தொழுதிட்டு வருவன். அதுக்குள்ள ஆள் இறங்கல்லண்டா உங்கட குழாய அடைப்பன்.”

“குழாய அடைச்சா எஞ்சின் நிக்கும். கல்முனையே இருட்டாப் போகும்!”

“தெரியும். என்ட ஊட்டுலயும் உங்கட கரண்டுதான் எரியிது.”

பூமணி முன்னுக்கு வந்தார். “விதச்சு முளையும் வந்திட்டு. தண்ணி இல்ல. பெரும்போகத்த வெள்ளம் கொண்டு போச்சு. இதுவும் காஞ்சா என்ட புள்ளையள் என்னத்தத் தின்னுற? விளக்கையா?”

தவராசா உள்ளே போய்த் தலைமை அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்தார். அவர் முகம் சிவப்பதைக் கதவடியில் நின்று பார்த்தேன். வெளியே வந்து, சொல்லக் கூசியபடி சொன்னார்: “அந்த அம்மாவுக்கு ஒரு மூடை அரிசி குடுக்கட்டாம். குடுக்கிறதப் படமும் எடுக்கட்டாம்.”

“அரிசி ஆரு கேட்ட?” என்றார் பூமணி. எனக்கு என் கமராவைத் தூக்கி எங்காவது ஒளிக்க வேண்டும் போலிருந்தது.

தவராசா மீனுக்கு ஐஸ் போடும் வாடிக்கு ஆள் அனுப்பி, கரண்ட் நிற்கப் போகிறது என்று மீன்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லச் சொன்னார். அந்த ஆள் திரும்பி வந்ததும், வெட்டும்போது கலங்கும் சேறு குழாய்க்குள் போகாதபடி, தன் கையாலேயே எஞ்சினை நிறுத்தினார். காது அடைத்ததுபோல ஒரு அமைதி. அவரும் அவருடைய ஆட்களும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள்.

கரையில் நின்று படம் பிடிக்கத் தொடங்கிய என்னிடம், தொழுகை முடித்து வந்த ஆதம்பாவா ஒரு மண்வெட்டியை நீட்டினார்.

“கமராவ வைங்க தம்பி. நீங்களும் கம்பனிட ஆள்தானே?”

இல்லை, ஸ்டூடியோவின் ஆள் என்று விளக்க வாய் வரவில்லை. இறங்கினேன். ஆற்றுவாழையை வெட்டிக் கரையில் போட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பாரம் என்று தெரியும். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. கடைசி அடைப்பைத் தவராசா இழுத்ததும் தண்ணீர் ஒரு முறை சுழன்று, நகரத் தொடங்கியது. பூமணி கரையால் அதற்குப் பக்கத்தில் ஓடினார். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

“வந்திட்டு! வந்திட்டு!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளிச்சம் போகுமுன் சேறு பூசிய முகங்களைப் படம் எடுத்தேன். அடுத்த நாள் காலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் எஞ்சின் திரும்ப ஓடுமுன்பே விளக்கையும் படம் பிடித்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: சிறுபோகம் விதைத்த பிறகு போங்கள், பார்த்த இடமெல்லாம் பச்சை. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். வாய்க்கால் கரையில் யாராவது மண்வெட்டியோடு நின்றால் ஒதுங்கி வழிவிடுங்கள், அல்லது சேர்ந்து வெட்டுங்கள்.

ஆண்டறிக்கையில் சேற்று முகங்கள் வரவில்லை. விளக்கு மட்டும் வந்தது. அந்தியில் எடுத்தும் ஏன் எரியவில்லை என்று தலைமை அலுவலகத்தில் எனக்கு நல்ல ஏச்சு. அடுத்த முறை போனபோது, அந்தப் பக்கத்தை ஆதம்பாவா தவராசாவிடமிருந்த அறிக்கையிலிருந்து கிழித்துத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதைக் கண்டேன். அங்கிருந்த விருந்தாளி ஒருவருக்கு அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

“விளக்கு எரியல்ல, பாத்தீங்களா? அண்டைக்குத்தான் பூமணிட வயலுக்குத் தண்ணி போன.”